பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக

1974 செப்டம்பர் 28, சனி

காலையிலிருந்து தூறல். காலாண்டுத் தேர்வு முடிந்தது. கடைசிப் பரீட்சை கணக்கு. தொடுகோட்டுக் கணக்கை விட்டுவிட்டேன். இனி அதை நினைக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை: சீருடை துவைக்க (வெயில் வந்தால்). நூலகப் புத்தகம் திருப்ப. அம்மாவுக்கு இஞ்சி.

மாலையில் சேவியர் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. (இனி சி. என்று எழுதுவேன், கை வலிக்கிறது.) எங்கள் தெருவில் பட்டப்படிப்பைத் தாண்டிய ஒரே ஆள். கல்லூரி விடுதியில் தங்கி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஊசி போடும் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு அது இன்னும் விளங்கவில்லை, இன்றும் அவரிடம் இருமலுக்கு மருந்து கேட்டாள்.

ஆராய்ச்சி என்னவென்றால், கம்ப்யூட்டரைத் தானாகக் கற்றுக்கொள்ள வைப்பது. எனக்கு விளக்கினார்.

"ஜெசி, கண்ண மூடிக்க. ஜன்னலுக்கு வெளியில ரெண்டு பேர் பேசிக்கிட்டுப் போறாங்க. ஒருத்தர் நம்ம ராயபுரம், ஒருத்தர் மயிலாப்பூர். யார் எந்த ஊர்னு சொல்லிடுவியா?"

"ஓ."

"எப்படி?"

முழித்தேன். எப்படி என்று தெரியவில்லை. தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

"பாத்தியா, உனக்கு யாரும் விதி எழுதித் தரல. கேட்டுக் கேட்டு வந்தது. மிஷினுக்கும் அப்படி வரணும்."

எனக்குப் புரிந்தவரை: மயிலாப்பூரில் பேசியது ஒரு கட்டு, ராயபுரத்தில் பேசியது ஒரு கட்டு. ஒவ்வொரு சொல்லும் எந்தக் கட்டில் எத்தனை முறை வருகிறது என்று கம்ப்யூட்டர் எண்ணி வைத்துக்கொள்ளும். பிறகு புது வாக்கியம் ஒன்றைக் கொடுத்தால், அதிலுள்ள சொற்கள் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்கும். கயிறு சாய்ந்த பக்கம் விடை. அதையும் உறுதியாகச் சொல்லாது, 'அநேகமாக' என்றுதான் சொல்லும். எவ்வளவு அநேகம் என்பதற்கு ஓர் எண். அதற்கு நிகழ்தகவு என்று பெயர்.

"நமக்கு ஒண்ணு சரியாத் தெரியல, சரி. எவ்வளவு தெரியலங்கறதையாவது சரியாச் சொல்லணுமில்ல? அதான் என் வேலை" என்றார். இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மயிலாப்பூர்க் கட்டு தயார். அவருடைய வகுப்புத் தோழர் டேப்ரிக்கார்டர் வைத்திருக்கிறார். ராயபுரம் கட்டுக்கு டேப்ரிக்கார்டர் இல்லை. நான்!

ஒரு தாளுக்கு ஒரு பேச்சு. பின்பக்கம் யார் சொன்னது என்று பெயர். "அவங்க பேசறத அப்படியே எழுது, போதும்."

செப்டம்பர் 30, திங்கள்

மேகம். புழுக்கம். பழைய காலண்டர் தாள்களை வெட்டித் துண்டு போட்டாயிற்று.

முதல் பேச்சு கன்னியம்மாவுடையது. தினமும் மீன் கூடையோடு எங்கள் வாசலுக்கு வருவாள். அவள் புருஷன் முனுசாமி மாமா துறைமுகத்தில் அப்பாவோடு வேலை.

கன்னியம்மா: "இன்னாக்கா, வஞ்சரம் கீது, ஒரு துண்டு வெக்கவா? நேத்து மேறி ஐஸ்ல குந்திக்கினு இருந்தது இல்ல, இப்பத்தான் எறங்கிச்சு."

அம்மா: "ஆமாமே, எறங்கி உன் காதுல வந்து சொல்லிச்சாக்கும்."

கன்னியம்மா: "நீயே கேளு. வாயத் தொறந்துகினுதான் கீது."

மாலையில் அப்பாவுடன் முனுசாமி மாமா வந்தார். நான் பென்சிலும் தாளுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, போலீசு மேறி எழுதிகினு கீறே? எம்பேர்ல கேசு கீசு எதுனா கீதா?" அதையும் எழுதினேன். அப்புறம் கிரேன் ஆபீசரைப் பற்றி அவர் சொன்னதையும் எழுதினேன். அதில் இரண்டு சொற்களை இங்கே எழுத மாட்டேன்.

விளக்கு வைத்த பிறகு எல்லாவற்றையும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். கேட்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. எழுத்தில் பார்த்ததும் முகம் எரிந்தது.

ஜூலையில் நடந்ததை இந்த நோட்டில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். 'மழைக்காலம்' கட்டுரையில் 'எங்கள் வூட்டில் ஒழுகும்' என்று எழுதிவிட்டேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. தமிழம்மா உரக்கப் படித்தார். "இது என்ன தமிழ்? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தமிழா?" வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் உட்காரும் வசந்தியும்.

அப்பா மூட்டை தூக்குவதில்லை, கிரேன் ஓட்டுகிறார். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அதற்கும் வெட்கம்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜயந்தி. வெயில். சீருடை காய்ந்தது.

ஒரு முடிவு எடுத்தேன்.

இந்தத் தாள்கள் கல்லூரிக்குப் போகின்றன. குளிர்ந்த அறையில் பெரிய படிப்பாளிகள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். கன்னியம்மா 'கீது கீது' என்பதையும் முனுசாமி மாமாவின் வாயையும் பார்த்தால் சிரிப்பார்கள். சி.யையும் பார்த்துச் சிரிப்பார்கள், நீ இந்தத் தெருவா என்று. சி. இங்கே வந்தால்கூட 'இன்னா' என்று சொல்வதில்லை. 'என்ன' என்றுதான் சொல்கிறார். அப்படியே எழுது என்று நம்மைப் பார்த்துச் சொன்னது ஒரு மரியாதைக்காக இருக்கும்.

நமக்குத் தெரிந்த வேலைதானே. ஒவ்வொரு பரீட்சையிலும் வருகிறது: 'பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.'

இன்னா – என்ன
கீது – இருக்கு
வூடு – வீடு
வோணாம் – வேண்டாம்
குந்திக்கினு – உக்காந்துகிட்டு
கலீஜு – அழுக்கு
பேஜாரு – தொல்லை
மேறி – மாதிரி
கஸ்மாலம் – (விட்டுவிட்டேன்)

முழுக்கப் புத்தகத் தமிழாக்கவில்லை. வானொலி நாடகத்தில் நல்ல குடும்பத்தார் பேசுவது போல. கொஞ்சம் துடைத்தேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை எழுதிய சில தாள்களை மட்டும் விட்டுவிட்டேன். அவை மட்டும் பென்சில் இல்லை, மை. அழிக்க முடியாது, தாள் வீண்.

கட்டு பார்க்க அழகாக இருக்கிறது. முனுசாமி மாமா என் தாளில் ஒரு வாத்தியார்.

அக்டோபர் 5, சனி

தூறல். சி. வந்து கட்டை வாங்கிக்கொண்டார். மேலே இருந்த சிலவற்றை மட்டும் படித்தார். அவை திங்கட்கிழமைத் தாள்கள். வாய் திறந்த வஞ்சரத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார். "அருமை ஜெசி! நீதான் என் அசிஸ்டென்ட்."

அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். வசந்தியிடம் திங்கட்கிழமை சொல்ல வேண்டும், அலட்டலாகத் தெரியாமல்.

இஞ்சி மறந்தே போயிற்று.

அக்டோபர் 15, செவ்வாய்

நல்ல மழை. ரயில்வே கேட் அருகே தண்ணீர். பாவாடை முழங்கால்வரை சேறு.

விடைத்தாள் வந்தது. தமிழில் வகுப்பிலேயே முதல். வழக்கு மாற்றும் கேள்விக்கு முழு மதிப்பெண். தமிழம்மா, "ராயபுரத்திலிருந்து வருகிற பெண் எப்படி எழுதியிருக்கிறாள் பாருங்கள்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்தோஷம். ஆனால் 'ராயபுரத்திலிருந்து' என்பதை அவர் சொன்ன விதம். வசந்தி ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள்.

கணக்கு பற்றி எழுதப் போவதில்லை.

அக்டோபர் 19, சனி

இன்று கம்ப்யூட்டரைப் பார்த்தேன். இரண்டு பஸ் மாறிப் போனோம், சி.யும் நானும். முதலில் எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பிறகு அதை எழுதுகிறேன்.

பார்த்தவை: செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், கோவில் மாதிரி. மார்கழிக் குளிர். வரிசையாக அலமாரிகள். அவைதான் கம்ப்யூட்டராம், நான் ஒரு பெட்டி என்று நினைத்திருந்தேன். அட்டைகள் கட்டுக்கட்டாக, ஒவ்வொன்றிலும் ஓட்டை. கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஓட்டை போடுகிறார்கள். அட்டைகளை அது விழுங்கும் சத்தம், சீட்டாட்டக்காரன் கலைக்கும்போது வருவதுதான், ஆயிரம் மடங்கு வேகத்தில்.

சி.யின் கைடு வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர், "நீதான் ராயபுரம் ஆபீஸா?" என்று என்னைக் கேட்டார். பெருமையாக இருந்தது. அந்த நிமிஷம்வரை.

முதலில் பெரும்பகுதித் தாள்களைக் காட்டிக் கற்றுக்கொள்ள வைத்துவிட்டார்கள். இன்று அது பார்க்காத தாள்களைக் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்கும் சோதனை. அகலமான காகிதம் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. சி. பென்சிலால் சரி, தவறு போட்டுக்கொண்டே போனார். பென்சில் மெதுவாகிக்கொண்டே வந்தது.

கைடு எட்டிப் பார்த்து, "பாதிக்குப் பாதி. சேவியர், காசைச் சுண்டிப் போட்டிருந்தா கரண்டாவது மிச்சமாயிருக்கும்" என்றார். பிறகு சி.யின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "இந்த முறை நடக்காது போலத் தெரியுதுப்பா. அடுத்த மாசம் கமிட்டி. அதுக்குள்ள மிஷின்ல இன்னும் ஒரே ஒரு தரம் நேரம் வாங்கித் தர்றேன். அதுவும் இப்படின்னா வேற தலைப்புதான்."

வேறு தலைப்பு என்றால் முதலிலிருந்து. மூன்று வருஷம் போயிற்று என்று அர்த்தம். சி.தான் பஸ்ஸில் சொன்னார். "சார் சொல்றது சரியா இருக்கலாம். நான் நினைச்ச வித்தியாசமே இல்லையோ என்னவோ. நமக்குத்தான் காது அப்படிக் கேக்குதோ என்னவோ."

பாரிமுனை தாண்டும்போது எனக்குப் பளிச்சென்று பட்டது. 'கீது', 'இன்னா', 'வூடு'. கயிற்றை எங்கள் பக்கம் இழுக்க வேண்டியவர்களே அவர்கள்தான். அத்தனை பேரையும் நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மயிலாப்பூர்ச் சட்டையைப் போட்டு வேறு ஆட்களை நிறுத்தியிருக்கிறேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தார். வாங்கித் தின்றேன். இன்று நான் செய்ததிலேயே கேவலம் அதுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு விலகி வந்தேன். எந்தக் கட்டளையை மீறினேன் என்று சாமியாரிடம் சொல்வது? பொய் சொல்லவில்லை, திருடவில்லை.

யோசித்தால் இரண்டும் செய்திருக்கிறேன்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாடி மூஞ்சி இப்டி கீது? கஞ்சி வெக்கவா?" வேண்டாம் என்றேன். வேண்டாம். வோணாம் இல்லை. எப்போதிலிருந்து நான் இப்படிச் சொல்கிறேன்?

அக்டோபர் 22, செவ்வாய்

மழை இல்லை. சி. சாப்பிட வந்தார், சாப்பிடவில்லை. அப்பா அவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார்.

"பேசின் பிரிட்ஜ் கரண்ட் ஆபீசுல ஆள் எடுக்கறாங்களாம்டா. போதும் சேவியரு. மூணு வருசமா மிஷினுக்குப் பாடம் சொல்லிக்கினு கீறே. அது பாஸாவறதுக்குள்ள எம்பொண்ணு பாஸாயிடும்."

அம்மா சிரித்தாள். சி. சோற்றைப் பிசைந்துகொண்டே, "கமிட்டி வரைக்கும் பாக்கறேன் அண்ணே. தாளை எல்லாம் திருப்பி வாங்கியிருக்கேன். வியாழக்கிழமை இங்க உக்காந்து ஒண்ணொண்ணாப் படிக்கப்போறேன். கணக்குல எங்க தப்புன்னு தெரியல."

கணக்கில் தப்பில்லை சித்தப்பா. இதை இங்கே எழுத முடிகிறது. வாயைத் திறக்க முடியவில்லை.

நாளை சொல்வேன்.

அக்டோபர் 23, புதன்

சொல்லவில்லை. அவர் வரவில்லை என்பது காரணம் அல்ல. பொது டெலிபோனுக்கு நாணயம் இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

பள்ளியிலிருந்து வரும்போதே சி. நடுக்கூடத்தில் கட்டைப் பிரித்துப் பரப்பியிருந்தார். அப்பாவும் முனுசாமி மாமாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பை மாட்டும் ஆணியருகிலேயே நின்றுவிட்டேன்.

சி. ஒரு தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். படித்தார்: "'அந்த ஆபீசர் எப்பவும் தொல்லை தர்றார், என்ன பண்றது?'" பின்பக்கம் பார்த்தார். "முனுசாமி அண்ணே, இது நீங்க சொன்னதா?"

மாமா டீயை வைத்துவிட்டார். "யாரு, நானா? இன்னா சொன்னேன்?"

சி. மறுபடி படித்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "டேய் நைனா, இது நான் இல்லடா! எவனோ எம்பேர்ல சாமியாரு பேசிகினு கீறான்! நான் அந்தக் கய்தைய இன்னா சொன்னேன்னு ஒனுக்குத் தெரியாதா?"

சி. சிரிக்கவில்லை. அடுத்த தாள், அடுத்த தாள் என்று வேகமாக எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜெசி. அவர் என்ன சொன்னார்?"

"அப்படித்தான் சொன்னார்."

மூன்று ஆண்களும் என்னைப் பார்க்கிறார்கள். சொன்ன ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியும் சொன்னேன், அப்படித்தான் சொன்னார் என்று.

முதலில் புரிந்துகொண்டது மாமாதான். சிரிப்பு நின்றுபோயிற்று. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எம்பேச்சு கலீஜா கீதுன்னு தொடச்சிட்டியா பாப்பா?" என்று கேட்டார். குழந்தையைக் கேட்பது போல, மெதுவாக. பிறகு, "சரி வுடு, படிக்கிற புள்ள" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். டீ பாதி இருந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

அப்பா நேற்றிலிருந்து பேசவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இஸ்கூல்ல என்னிய இன்னான்னு சொல்லுவே? நைனான்னா, அப்பான்னா?"

வீட்டில் நான் நைனா என்றுதான் கூப்பிடுகிறேன். பிறந்ததிலிருந்து.

"அப்பான்னு" என்றேன்.

"ம்" என்றார். போய்விட்டார்.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து அப்பா, அப்பா, அப்பா. யாரும் பார்க்காத நோட்டிலும்.

சி. திட்டவில்லை. கல்லூரிக்குக் கிளம்பும்முன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் ஜெசி?" என்று மட்டும் கேட்டார்.

"படிச்சவங்க பாத்தா சிரிப்பாங்க. உங்களையும்."

சி. கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். "விடுதிக்குப் போன புதுசுல குளியலறைல தண்ணியத் திறந்துவிட்டுட்டு 'என்ன, என்ன'ன்னு சொல்லிப் பழகினேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல" என்றார். பிறகு ஆராய்ச்சிக்காரராகிவிட்டார். "ஒரு விதத்துல நல்லதுதான். மிஷின் சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கு. ரெண்டும் ஒரே மாதிரின்னு நீ சொல்லிக் குடுத்தே, அது ஒரே மாதிரின்னு சொல்லிச்சு. ஒரு வாரம் இருக்கு. புதுசா எழுதணும். இந்தத் தடவை ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

மாத்த மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மேகமூட்டம். பூசை முடிந்ததும் தாள்களோடு கன்னியம்மா வீட்டுக்கே போனேன். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. குழாயடியில் நின்ற பெண்கள், "தோ பாரு, டீச்சர் வருது" என்றார்கள். ஒருத்தி, "வாயத் தொடச்சிக்கினு பேசுங்கடி" என்றாள். பெரிய சிரிப்பு.

கன்னியம்மா வலையை உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சேலையைச் சரி செய்துகொண்டாள். எனக்காகவா எழுந்து நிற்பாள்?

"வணக்கம். உள்ளே வாருங்கள். தங்களுக்கு என்ன மீன் வேண்டும்?"

குழாயடி குலுங்கிச் சிரித்தது. முதலில் நானும் கிண்டல் என்றே நினைத்தேன். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள், வழுக்குப் பாறையில் நடப்பது போல.

"கன்னியம்மாக்கா, நீங்க எப்பவும் பேசற மாதிரி பேசுங்க. அதுதான் வேணும்."

"இப்படித்தான் பேசுகிறேன். நான் நல்லாத்தானே பேசுகிறேன்?"

எழுதினேன். சொன்னபடியே. ஒரு எழுத்து மாற்றவில்லை. பின்பக்கம் 'கன்னியம்மா' என்று பெயர் எழுதினேன். வேறு என்ன செய்ய?

மற்ற வீடுகளில்: இருவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். ஒரு தாத்தா செபமாலை சொல்லிக் காட்டினார். ஓர் அக்கா, "இன்னா, எழுதிக்கோ... இல்ல, இரு இரு, என்ன, எழுதிக்கொள்" என்று தானே திருத்திக்கொண்டாள்.

என்னிடம் யாரும் பேசமாட்டார்கள் இனி. பேசுவார்கள், என்னிடம் பேசுவது போலப் பேசுவார்கள்.

அக்டோபர் 29, செவ்வாய்

சி. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு இறங்கிவிட்டார். லுங்கி, பனியன், காதில் பென்சில். காசிமேட்டில் படகு வரும் இடத்துக்குப் போனார். நானும் போனேன், தூரத்தில் நிற்கச் சொன்னார்.

அங்கே அவர் பேசியதைக் கேட்டேன். "இன்னாபா, இன்னிக்கி பாடு எப்டி கீது?" என்று மீன் பிடிபட்டதைக் கேட்டுத் தொடங்கினார். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. மூன்றாவதில் பழையபடி ஓடிற்று. அவர்களும் அப்பா பெயரைச் சொல்லி அவிழ்ந்துகொண்டார்கள். "தோ பார்ரா, நம்ம அந்தோணி தம்பி! மிஷின் டாக்டரு! எங்க வூட்டு ரேடியோ இர்மிகினே கீது, ஊசி போடுவியா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மாவின் பேச்சுக்கு நான் பொறுப்பு. அடுப்படியில் உட்கார்ந்து எழுதினேன். ஒன்று:

"ஏண்டி கஸ்மாலம், அரிசி பொங்கி ஊத்திகினு கீது, நீ இன்னாத்த எழுதிகினு கீறே? எழுது எழுது! இத்தயும் எழுது! ஒங்க சித்தப்பன் மிஷினு வந்து எறக்கி வெக்குமா?"

எழுதினேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். மழை, மெழுகுவர்த்திகள் அணைந்து அணைந்து எரிந்தன. பூ வாங்கினோம்.

கூட்டத்தில் யார் பேசினாலும் என் காது எண்ணுகிறது. இது இந்தப் பக்கம் இழுக்கிறது, இது அந்தப் பக்கம் இழுக்கிறது. நிறுத்த முடியவில்லை.

தாள்கள் தயார். கன்னியம்மாவின் தாள்களை எடுத்துவிடலாமா என்று சி.யிடம் கேட்டேன். "அவங்க ராயபுரம்தானே? இருக்கட்டும். நமக்குப் பிடிக்காததை எடுத்துட்டா அது மறுபடியும் துடைக்கறதுதான்" என்றார். இந்த வாரம் அட்டை போடுவார்கள். அதன் பிறகு கடைசி ஓட்டம். பேசின் பிரிட்ஜ் வேலைக்கு மனுப் போட அப்பா இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கிறார்.

நவம்பர் 7, வியாழன்

இன்று ஓட்டம். பள்ளியில் ஒன்றும் ஏறவில்லை. தமிழம்மா இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். வசந்தி கிள்ளினாள்.

சி. வரவில்லை.

நவம்பர் 9, சனி

வந்தது! பெரும்பாலும் சரி! பத்தில் எட்டு, ஒன்பது சரி என்று சி. வாசலிலேயே கத்தினார். கைடு கை குலுக்கினாராம். கமிட்டி ஒன்றும் சொல்லாது, தலைப்பு நிற்கும். அப்பா பேசின் பிரிட்ஜ் மனுவை மடித்து அடுப்பில் செருகினார். அம்மா கேசரி கிண்டினாள், "அப்ப இனிமே மருந்து எழுதித் தருவியா?" என்று கேட்டுக்கொண்டே. முனுசாமி மாமாவும் வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அதுவே போதும் என்று இருந்தது.

பிறகு சி. சொன்னார். தப்பாகப் போனவற்றில் சில ஒரே ஆளுடையவை. கம்ப்யூட்டர் அவற்றைச் சந்தேகமே இல்லாமல் மயிலாப்பூர் என்றது. கைடு தாள்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு சேவியர் இந்த மயிலாப்பூர் மீன்காரம்மா?" என்று கேட்டாராம்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அன்றைக்குப் பிறகு முதல் தடவை. மாமா தொடையைத் தட்டி, "எம்பொண்டாட்டிய மயிலாப்பூர் மாடவீதில குடி வெச்சிட்டியே பாப்பா!" என்றார். அவர் என்னிடம் பேசிவிட்டார் என்பதற்காக நானும் சிரித்தேன்.

சி. கேசரிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மிஷின் தப்புப் பண்ணல ஜெசி. அவங்க உங்கிட்ட சொன்னதுக்கு அதான் சரியான விடை" என்றார்.

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அவருக்கு அது ஆராய்ச்சி.

நவம்பர் 10, ஞாயிறு

மழை விட்டது. பூசைக்குப் பிறகு பாடம் படிக்க உட்கார்ந்தேன்.

கன்னியம்மா வந்தாள். வாசலில் கூடையை இறக்கியதும் அம்மாவிடம், "இன்னாக்கா, ஒன் வூட்டுக்காரு சிரிப்பு எங்க வூடு வரிக்கும் கேட்டுச்சே. சங்கரா கீது, பாரு, கண்ணு செவப்பா கீது, தூங்காம வந்துகினு கீது" என்றாள். நான் வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் குரல் மாறிற்று.

"நலமா பாப்பா? இன்று பள்ளிக்கூடம் விடுமுறையா?"

காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். சொன்னேன்.

"இன்னா கன்னிம்மாக்கா, சங்கரா இன்னா வெல கீது?"

என் காதுக்கே பள்ளி நாடகம் மாதிரி விழுந்தது. சேவகன் வேஷம் போட்ட பெண் பேசுவது போல. அம்மா கையில் மீனோடு நிமிர்ந்து பார்த்தாள்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. கூடையில் ஒரு சங்கராவைத் திருப்பி வைத்தாள். அப்புறம் சொன்னாள், அவள் பேச்சில்.

"வோணாம் பாப்பா. ஒனுக்கு அது வர்ல. வுடு."

இன்னும் இரண்டு மீனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். கூடையைத் தலைக்குத் தூக்கிவிட ஒரு கை வேண்டும். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். உள்ளே போய்விட்ட அம்மாவைக் கூப்பிட்டாள்.